பழைய மோட்டார் வண்டியின் விசிறி

பழம்பொருளைப் போற்றுதல் ஒன்று. போற்றுவதாக எண்ணிக்கொண்டு அதனைச் சிதைத்தல் மற்றொன்று. கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுவோரையும், ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டோரையும் நாம் குறைகூறத் தயங்குவதில்லை. ஆனால், ஐம்பது அறுபது ஆண்டுகளாக ஓடித் தேர்ந்த மோட்டார் வண்டியொன்றன் முகப்பைத் திறந்து, அதன் விசிறியைக் கழற்றிப் பழைய இரும்போடு எறிந்துவிட்டு, அவ்விடத்தே ஒரு மின்விசிறியை நைலான் நாடாவாற் கட்டிவைக்கும் செயலை மட்டும் முன்னேற்றமென்று பாராட்டுகின்றோம். இச்செயல் இப்பொழுது ஊர்தோறும் நிகழ்ந்து வருகின்றது. அதனைப்பற்றி எமது அபிப்பிராயத்தை இம்மலரில் வெளியிட விரும்புகின்றோம். விசிறிக்கும் ஒரு வியாசமா என்று நகைக்கும் நண்பர்கள், கோடை விடுமுறையில் ஒருமுறை பழைய வண்டியில் மலையேறிப் பார்த்தபின் நகைப்பாராக.

முதற்கண் விசிறி எதற்கு என்பதை ஆராய்வாம். பழைய எஞ்சின்களிற் பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே சக்கரத்தை உருட்டும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பெரும்பகுதி புகையோடு போய்விடும். மற்றொரு பெரும்பகுதியை நீர் ஏற்று, ரேடியேட்டரிற் கொண்டுபோய்க் காற்றிற் கலத்தல் வேண்டும். கார்ல் பென்ஸ் என்பார் 1886-இல் உரிமைப்பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாய்ப் போகும், போகப்போக ஊற்றவேண்டும். 1888-இல் அவர் மனைவியார் பெர்த்தா பென்ஸ் அவ்வகை வண்டியொன்றில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றபொழுது, வழிநெடுக நீர் தேடி ஊற்றிக்கொண்டே செல்ல நேர்ந்தது. பின்னர் 1900-ஆம் ஆண்டளவில் வில்ஹெல்ம் மைபாக் என்னும் அறிஞர், மெர்ஸிடிஸ் வண்டிக்கென்று தேன்கூடு போன்றதொரு ரேடியேட்டரை அமைத்தார். 8,000-க்கு மேற்பட்ட சிறு குழல்கள் அதிலிருந்தன. ஒன்பது லிட்டர் நீரே அதற்குப் போதியதாயிற்று. வண்டி மெதுவாய்ச் செல்லுங்கால் காற்றை இழுத்துத் தருதற்பொருட்டு அதன் பின்னே ஒரு சிறு விசிறியும் வைக்கப்பட்டது. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஃபோர்டு டி மாதிரி வண்டியிலோ, தொடக்கத்திற் சில வண்டிகள் நீங்கலாக, நீரைச் சுழற்றும் பம்பு தானும் இல்லை. சூடேறிய நீர் தானே மேலெழுந்து, குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும் இயற்கையை நம்பி விட்டுவிட்டனர். ஆயினும் விசிறியை மட்டும் விட்டாரல்லர்.

நிற்க. எஞ்சினோடு பெல்ட்டாற் பிணைக்கப்பட்ட விசிறிக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. விசிறியின் உதவி மிகுதியும் வேண்டப்படுவது, கடைத்தெருவில் வண்டி நின்று நின்று நகரும்பொழுதும், மலையில் ஊர்ந்து ஏறும்பொழுதுமாம். அப்பொழுது எஞ்சின் மெல்லச் சுழலும்; விசிறியும் மெல்லவே சுழலும். திறந்த வெளியில் மணிக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும்பொழுதோ, எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். விசிறி வேண்டியதே இல்லை. அந்நேரத்திலேதான் அது பேரிரைச்சலோடு சுழன்று எஞ்சினின் வலிமையை வீணே உண்ணும். எவ்வளவு உண்ணுமெனின், விசிறியின் வேகம் இருமடங்கானால் அதைச் சுழற்ற வேண்டிய சக்தி எண்மடங்காகும் என்பது நூற்கணக்கு. நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் அரைக் குதிரைச்சக்தி கொள்ளும் விசிறி, 4,000 சுற்றில் நான்கு குதிரைச்சக்தி கொள்ளும். நாற்பது ஐம்பது குதிரைச்சக்தியே உடைய ஒரு சிறு வண்டிக்கு இஃது அற்பச் செலவன்று. வேண்டுங்கால் உதவாது வேண்டாதகால் முன்வந்து நிற்கும் உறவினர் சிலரை வாசகர் அறிந்திருப்பர். விசிறியும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

இக்குறையைத் தீர்க்க மூன்று வழிகள் காணப்பட்டன. விசிறிக்கும் அதன் கப்பிக்கும் இடையே ஒரு மின்காந்தத்தை வைத்து, நீர் சூடேறினாற் பற்றவும் குளிர்ந்தால் விடவும் செய்தல் ஒருவகை. 1960-இல் வெளிவந்த பிரெஞ்சு நாட்டுப் பெஷோ 404 வண்டி இதற்குத் தக்க சான்று. விசிறியை எஞ்சினிலிருந்து அடியோடு பிரித்து மின்மோட்டாராற் சுழற்றுதல் மற்றொரு வகை. மூன்றாவது, யாம் மிகவும் வியப்பது, ‘விஸ்கஸ் கிளட்ச்’ என்று பட்டறைகளில் வழங்கும் எண்ணெய்க் கிளட்ச்.

இதன் அமைப்பைச் சற்று விரித்துரைத்தல் தகும். உள்ளே பள்ளமும் மேடுமாக வட்டவட்டமாய்க் கடையப்பட்ட ஒரு தட்டு. அதனோடு பொருந்தியும் தொடாமலும் நிற்கும் எதிர்வரிகளையுடைய ஒரு கூடு. தட்டு எஞ்சினோடு சுழல்வது. கூடு விசிறியைத் தாங்குவது. இரண்டுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வெளியிற் சிலிகோன் எண்ணெய் புகுந்தால், எண்ணெயின் பிசுபிசுப்பே ஒன்றன் சுழற்சியை மற்றொன்றற்குத் தரும். எண்ணெய் விலகினாலோ விசிறி தளர்ந்து சோம்பலாய்ச் சுழலும். எண்ணெயை விடுவதும் தடுப்பதும் யார் செய்வது எனின், கூட்டின் முகப்பிலே சுருள் வடிவாகவோ பட்டை வடிவாகவோ இருக்கும் ஈருலோகத் தகடு செய்யும். இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த அத்தகடு, ரேடியேட்டரைக் கடந்துவரும் காற்றின் சூட்டால் வளைந்து, உள்ளேயுள்ள ஒரு சிறு வாயிலைத் திறக்கும். கம்பியில்லை, சுவிட்சில்லை, மின்சாரமில்லை. காற்றைத் தடவிப் பார்த்தே வேண்டுமளவு வேலை செய்யும். இன்னுமொரு நுட்பம்: எண்ணெய் தரக்கூடிய பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டாதலின், எஞ்சின் எவ்வளவு விரைந்து சுழன்றாலும் விசிறி ஓரளவுக்குமேல் விரையாது, வழுக்கிக்கொண்டே நிற்கும். அவ்வழுக்கலிற் பிறக்கும் சூட்டைப் போக்கவே கூட்டின்மேல் வரிவரியாய்த் தகடுகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. சாதாரண எண்ணெய் சூட்டில் நீராய் இளகிவிடும். சிலிகோன் எண்ணெய் அவ்வளவாக இளகாது என்பதுபற்றியே அது தேர்ந்துகொள்ளப்பட்டது. 1960-களில் அமெரிக்க வண்டிகளிற் குளிர்சாதனம் பெருகியபொழுது இக்கிளட்சும் பெருகிற்று.

இத்துணைச் சிறப்புடைய கருவிக்கு நம் நாட்டிற் கிடைக்கும் மரியாதை யாது? வெல்டிங். ஆம், ஆண்டுகள் பல கழிந்து முத்திரை தளர்ந்து, எண்ணெய் கசிந்து, விசிறி பிடிப்பிழந்தால், தட்டையும் கூட்டையும் சேர்த்துப் பற்றவைத்துவிடுகின்றனர், அன்றேல் துளையிட்டுப் போல்ட்டு முடுக்கிவிடுகின்றனர். ‘இனிமேல் ஒரு தொல்லையும் வராது, சார்’ என்று உரைக்கும் மெக்கானிக்கின் முகத்திலே தோன்றும் திருப்தியை யாம் பன்முறை கண்டுள்ளோம். தொல்லை எங்ஙனம் வருமெனின், கிளட்சோடு வரும் விசிறி பெரும்பாலும் அகன்றும் மிகச் சாய்ந்தும் உள்ள அலகுகளை உடையது. ஓரளவுக்குமேற் சுழலாது என்ற நம்பிக்கையின்மேற் செய்யப்பட்டது. அதனைப் பற்றவைத்துவிட்டால், நெடுஞ்சாலையில் எஞ்சின் செல்லும் வேகமெல்லாம் அதுவும் செல்லவேண்டும். பெட்ரோல் வீணாவதும் வாட்டர் பம்பின் பேரிங் தேய்வதும் சிறு நஷ்டங்கள். நாட்பட்ட அலகு ஒன்று முறிந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும், பானெட்டையும் துளைக்கும், அருகே குனிந்து நிற்பவனுடைய முகத்தை அது நோக்குமா? இஃது ஒன்றை மட்டும் யாம் எவ்வித விலக்குமின்றிக் கண்டிக்கின்றோம்.

கிளட்ச் கெட்டதா என்றறிய அரிய கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. நடுவிலிருந்து கதிர்போல் விரிந்த எண்ணெய்ப் படிவு கூட்டின்மேற் கண்டால் ஐயுறலாம். எஞ்சினை நன்றாய்ச் சூடேற்றி, நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தால், நல்ல கிளட்ச் தயக்கத்தோடு சற்றே சுழன்று நிற்கும். கெட்டது காற்றாடிபோற் பல சுற்றுச் சுற்றும். காலையில் வண்டியை எழுப்பியவுடன் ஓரிரு நிமிஷம் விசிறி இரைந்து, பின் அடங்கினால் அது நோயன்று. இரவில் உள்ளே இறங்கித் தங்கிய எண்ணெய் ஒதுங்கும் ஓசையே. இதனை நோயென்று கொண்டு நல்ல கிளட்சுகளைக் கழற்றி எறிந்தாரும் உளர். சிலவகைக் கிளட்சுகளில் எண்ணெயை மீண்டும் நிரப்பலாம். அவ்வெண்ணெய் சிறு புட்டிகளிற் கிடைக்கின்றது. கழற்றி வைக்கும்பொழுது வண்டியில் இருந்தவாறே நிறுத்தி வைத்தல் வேண்டும். கிடத்தி வைத்தால் எண்ணெய் இடம்மாறும், ஒழுகவுங்கூடும்.

இனி மின்விசிறிக் கட்சியாரின் வாதத்தைக் கேட்போம். அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. எஞ்சின் மெல்லச் சுழன்றாலும் மின்விசிறி தன் முழு வேகத்திற் சுழலும், வேண்டாதபொழுது வாளாவிருக்கும். 1969-இல் வெளிவந்த இத்தாலி நாட்டு ஃபியட் 128 போன்று எஞ்சினைக் குறுக்கே வைத்த வண்டிகளில், முகப்பு ரேடியேட்டருக்குப் பெல்ட்டு விசிறி எட்டாது, மின்விசிறியே கதி. பின்வந்த வண்டிகளிற் பெரும்பாலானவை அவ்வழியே சென்றன. ஆனால், மின்விசிறி என்ற பெயர் மட்டும் வண்டியைக் குளிர்விக்காது. 1961-இல் உலகமே வியக்க வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் வண்டி பிறக்கும்போதே மின்விசிறியோடு பிறந்தது. இருந்தும் நகர நெரிசலில் சூடேறுவது என்ற பழியையும் உடன் பெற்றது. 1964-இல் அதற்கு ஆல்டர்னேட்டர் வந்தது. 1968-இல் இரண்டாம் வரிசை வெளிவந்தபொழுது விசிறி இரண்டாயிற்று. ஆக்கியோரே ஏழாண்டு முயன்று திருத்திய ஒரு விஷயத்தை, நம் தெருமுனைப் பட்டறை ஒரு பிற்பகலில் முடித்துக் கொடுக்கும் என்று நம்புவது எவ்வளவு பொருந்தும்?

எமது நண்பர் ஒருவர் நம்பினார். அவரிடம் 1950-களிற் பிறந்த ஓர் ஆங்கில நாட்டு வண்டி உண்டு. கோடையில் அது சற்றே சூடேறிற்று. ஒரு பட்டறையில் அதன் விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் முன்னே மின்விசிறி ஒன்றைப் பொருத்தினர். நகரத்தில் இரண்டு திங்கள் நன்றாகவே ஓடிற்று. நண்பரும் கண்டாரிடமெல்லாம் புகழ்ந்தார். பின்னர் யாமிருவரும் வத்தலக்குண்டு வழியாய்க் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். மாலை நேரம், பாதி வழியில் மஞ்சு கவிந்து மழையும் தூறியது. முன்னே ஒரு பஸ் ஊர்ந்து செல்ல, யாம் பின்னே நின்று நின்று ஏறினோம். முன்விளக்கு எரிந்தது; துடைப்பான் ஆடிற்று; மின்விசிறி சுழன்றது. டயனமோவின் சிவப்பு விளக்கும் எரியத் தொடங்கிற்று. அதன் பொருள் அப்பொழுது எமக்கு விளங்கவில்லை.

விளக்கிச் சொல்வதாயின், அக்காலத்து ஆங்கில வண்டிகளிற் பெரிதும் காணப்படும் டயனமோ, நல்ல வேகத்திற் சுழலும்பொழுதே 22 ஆம்பியர் தரவல்லது. எஞ்சின் மெல்லச் சுழலுங்கால் ஏறக்குறைய ஒன்றுமே தராது. விசிறிக்குப் பத்து ஆம்பியருக்குமேல், விளக்குகளுக்கு ஏறத்தாழ மற்றொரு பத்து, துடைப்பானுக்கும் தீப்பொறிக்கும் சில. வரவைக் காட்டிலும் செலவு மிகுதி. மிகுதியெல்லாம் பாட்டரியின் தலையில் விழுந்தது. பாட்டரி தளரத் தளர விசிறியும் தளர்ந்தது, விளக்கு மஞ்சளாயிற்று. பெல்ட்டு விசிறிக்குச் சொன்ன அதே குறை, எஞ்சின் மெல்லச் சுழன்றால் விசிறியும் மெல்லச் சுழலும் என்பது, டயனமோ வழியாய்ச் சுற்றிக்கொண்டு மீண்டும் வந்து சேர்ந்தது! பெருமாள்மலைக்கு இப்பாலேயே ஆவி சீறிற்று. சாலையோரத்தில் நின்று, மஞ்சிலே, ஒளியற்ற விளக்கோடு, பின்வரும் லாரிகளுக்குக் கைக்குட்டை வீசிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தை யாம் எளிதில் மறப்பதற்கில்லை.

பிறகு ரேடியேட்டரைக் கழற்றிப் பிரித்துப் பார்த்ததில், குழல்களில் ஏறத்தாழப் பாதி சுண்ணாம்பும் துருவும் கலந்த சேற்றால் அடைபட்டிருந்தன. ஆக, நோய் விசிறியில் இருந்ததே இல்லை. மின்விசிறி செய்ததெல்லாம் நோயை இரண்டு திங்கள் மறைத்ததுதான். இன்னொரு கொடுமையும் வெளிப்பட்டது: விசிறியைக் கட்டிய நைலான் நாடாக்கள் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை ஊடுருவிச் சென்று, வண்டியின் அதிர்ச்சியால் இரண்டு குழல்களை அறுத்திருந்தன. பழைய விசிறியைக் கேட்டால், ‘எடைக்குப் போட்டாயிற்று’ என்றனர். நண்பர் இரண்டு திங்கள் பழைய இரும்புக் கடைகளிலெல்லாம் அலைந்து, அதற்கிணையான ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

எனவே, விசிறியிற் கைவைக்குமுன் பார்க்கவேண்டியவை பல உள. பெல்ட்டு தளர்ந்துள்ளதா? ரேடியேட்டரின் வெளித்தகடுகளிற் பூச்சியும் சேறும் அடைந்துள்ளனவா? தீப்பொறி பிந்துகின்றதா? பிந்தினால் எஞ்சின் வீணே சூடேறும். தெர்மோஸ்டாட்டை ‘நம் ஊருக்கு வேண்டாம்’ என்று எடுத்தெறிந்து விட்டார்களா? விசிறியைச் சூழ்ந்து நிற்கும் தகட்டு வளையம், ஷ்ரவுட் என்பது, இருக்கின்றதா? அஃதின்றேல் விசிறி ரேடியேட்டரினூடே காற்றை இழுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றிக் கடையும். விசிறியைத் திருப்பி மாட்டிய வண்டியொன்றையும் யாம் கண்டதுண்டு. திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையிற்றான் செல்லுமாதலின் யாரும் அதனை அறியவில்லை. அளவு மட்டும் பெரிதும் குறைந்திருந்தது. ரேடியேட்டர் மூடியோ எல்லாராலும் இகழப்படுவது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடியிருப்பின், கடல்மட்டத்தில் நீர் 110 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலேதான் கொதிக்கும். ரப்பர் நைந்த மூடியோடு 2,100 மீட்டர் உயரம் ஏறினாலோ 93 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். சில நூறு ரூபாய் மூடிக்குச் செலவிட மனமின்றிப் பல்லாயிரம் ரூபாய் விசிறிக்குச் செலவிடுவோரை என்னென்பது!

அம்பாசிடர் வண்டியை நினைத்துப் பார்க்கவேண்டுகின்றோம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பிலே பிறந்து, 1950-களின் இறுதிமுதல் 2014 வரை வங்கநாட்டு உத்தர்பாராவிற் செய்யப்பட்ட அவ்வண்டியின் பழைய பெட்ரோல் எஞ்சினில், வாட்டர் பம்பின் கப்பியிலே முடுக்கிய சாதாரண விசிறிதான். கிளட்சுமில்லை, மோட்டாருமில்லை. அதைக்கொண்டே டாக்ஸி ஓட்டுநர்கள் உதகைக்கும் ஏற்காட்டுக்கும் கல்யாணக் கூட்டங்களை ஏற்றிச் சென்றனர். வழியிலே நிறுத்தி நீரூற்றியதும் உண்டு. அதனை யாம் மறைக்கவில்லை. ஆனால் ரேடியேட்டரை ஆண்டுதோறும் கழற்றிச் சுத்தம் செய்தவனுடைய வண்டி கொதித்ததில்லை என்று அவர்களுள் முதியோர் எம்மிடம் உறுதியாய்க் கூறியிருக்கின்றனர்.

மின்விசிறியை அறவே விலக்கவேண்டும் என்பது எம் கருத்தன்று. பழைய வண்டியை நாள்தோறும் நகர நெரிசலில் ஓட்டவேண்டிய நிலையிலுள்ளோர், பழைய விசிறியை இருந்தவாறே வைத்துக்கொண்டு, துணையாக மட்டும் ஒரு மின்விசிறியைச் சேர்க்கலாம். அதற்கு ஆல்டர்னேட்டர் வேண்டும். ரிலேயும் ஃப்யூசும் வேண்டும். ரேடியேட்டரைத் துளையாமல், சட்டத்திலே பொருந்தும் தாங்கிகள் வேண்டும். நாளை ஒருவர் கழற்றினால் வண்டி பழைய வண்டியாகவே மீளவேண்டும். பல ஆங்கில வண்டிகளிற் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதையும் மறவற்க. கம்பி மாறினால் விசிறி பின்னோக்கிச் சுழன்று எதிர்க்காற்றோடு போராடும்.

மற்றொன்று. எஞ்சினை நிறுத்தியவுடன் நீரோட்டம் நின்றுவிடுதலால், உள்ளிருக்கும் சூடு நீரிற் பரவிச் சிறிதுநேரம் வெப்பம் ஏறவே செய்யும். பாட்டரியோடு நேரே இணைத்த மின்விசிறி, சாவியை எடுத்த பின்னரும் அப்பொழுது தானே எழுந்து சுழலும். இதனையறியாது பெல்ட்டைத் தடவிப்பார்க்கக் கைநீட்டிய பட்டறை இளைஞன் ஒருவனுக்கு ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. அவன் வேலை கற்க வந்து ஆறு திங்களே ஆகியிருந்தன. அவ்வண்டியில் எச்சரிக்கையாக ஒரு சீட்டும் ஒட்டப்பட்டிருக்கவில்லை.

நண்பரின் வண்டியைப்பற்றிக் கேட்போர்க்கு: ரேடியேட்டருக்குப் புதுக் குழற்கூடு போட்டாயிற்று, மூடி புதிது, தேடிப் பிடித்த விசிறி தன்னிடத்தில் ஏறிவிட்டது. சென்ற வைகாசியில் மீண்டும் கொடைக்கானல் சென்றோம். முன்செருக்கு நினைவுக்கு வந்தமையால் இரண்டு பெரிய தகரங்களில் நீரும் ஏற்றிக்கொண்டோம். மேலே சென்று சேர்ந்தபின், அந்நீரைத் தங்கிய வீட்டுத் தோட்டக்காரர் கேட்டு வாங்கித் தம் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றினார்.